3/9 என்று எழுதிய வெண்கலச் சிற்பம் அசலா, நகலா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கேலரியில் ஒரு சிற்பியின் புதிய படைப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. சிற்பி உயிரோடு இருப்பவர். அதில் 60 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம் உங்களுக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் ‘வெண்கலம், 3/9, 2023’ என்று இருக்கிறது, அதாவது ஒன்பது பிரதிகளில் மூன்றாவது. அடுத்த அறையில் அதே உருவம் ஃபைபரில், ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு. இரண்டுமே அசல்தான் என்கிறார் கேலரிக்காரர். ஒன்பது பேர் வீட்டில் இருக்கப்போவதை அசல் என்று எப்படிச் சொல்ல முடியும், வெண்கலம் என்கிறார்களே அது வெண்கலம்தானா என்று கேட்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்விபோல் இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றைத்தான்: இந்தப் பொருளில் சிற்பியின் கை எதுவரைக்கும் வந்திருக்கிறது, அதற்கு என்ன சாட்சி?

ஒன்பது இருப்பதாலேயே அது நகலாகிவிடாது. அதேபோல், 3/9 என்று பொறித்திருப்பதாலேயே அசலாகியும் விடாது. மெரினாவில் 1959-இல் வைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தின் முன்னால் நிற்கிறது. இரண்டில் எது நகல் என்று யாரும் கேட்பதில்லை, கேட்பதில் பொருளும் இல்லை. ஓவியத்தில் சட்டகத்துக்குள் இருப்பது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அதைப் பார்த்து வந்தவை. வார்ப்புச் சிற்பத்தில் அப்படி ஒரு ‘முதல்’ கிடையாது. அது ஏன் என்பது வார்க்கும் முறையைப் பார்த்தால்தான் விளங்கும்.

சிற்பி மூல உருவத்தைக் களிமண்ணில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் சிலிக்கான் ரப்பரை மூன்று நான்கு பூச்சு பூசி, ரப்பர் வளையாமல் இருக்க வெளியே பிளாஸ்டரிலோ ஃபைபரிலோ ஒரு கூடு கட்டுவார்கள். பிரித்தெடுக்கும்போது உள்ளே இருந்த களிமண் பெரும்பாலும் சிதைந்துபோகும். கையில் மிஞ்சுவது ரப்பருக்குள் இருக்கும் வெற்றிடம் மட்டும். அதற்குள் உருகிய மெழுகை ஊற்றிச் சுழற்றி, 4 முதல் 6 மி.மீ. கனத்தில் ஒரு மெழுகு ஓடு எடுப்பார்கள். அந்த மெழுகு, அச்சிலிருந்து வந்ததும் அப்படியே வார்ப்புக்குப் போகக்கூடிய நிலையில் இருக்காது. அச்சு சேர்ந்த இடமெல்லாம் கோடு விழுந்திருக்கும், காற்றுக் குமிழி உடைந்து குழி விழுந்திருக்கும், விரல் நுனி மழுங்கியிருக்கும். சூடேற்றிய சின்னக் கரண்டியும் கத்தியும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும். சிற்பியின் கை வர வேண்டிய இடம் இதுதான். அவர் இங்கே உட்கார்ந்தால் ஒன்பது மெழுகும் ஒன்பது விதமாக, சின்னச் சின்ன வேறுபாடுகளோடு உயிர்பெறும். அவர் வராமல் பட்டறை ஆளே தேய்த்து முடித்தால், களிமண்ணில் விரல் அழுத்திய தடமும் கருவி இழுத்த கோடும் சோப்புக் கட்டிபோல வழவழத்துவிடும்.

அதன்பின் மெழுகில் உலோகம் பாயும் வழிகளையும் காற்று வெளியேறும் வழிகளையும் மெழுகுக் குச்சியால் ஒட்டுவார்கள். வார்ப்பின் உட்புறம் வெறுமையாக வருவதற்காக மெழுகு ஓட்டுக்குள் கருமண் எனும் உள்மண்ணை நிரப்பி, அது அசையாமல் இருக்க ஆணி குத்துவார்கள். வெளியே பிளாஸ்டரும் செங்கல் தூளும் கலந்தோ, செராமிக் கூழும் மணலும் மாறிமாறி ஏழெட்டுப் பூச்சாகவோ கவசம் கட்டிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெண்கலத்தை அந்த இடத்தில் ஊற்றுவார்கள். ஆறியபின் கவசத்தை உடைத்து, குழாய்களை அறுத்து, பகுதி பகுதியாக வார்த்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்து, உளியும் அரமும் கொண்டு சீர்செய்வார்கள். 60 செ.மீ. உருவம் என்றால் இரண்டு மூன்று துண்டாக வார்ப்பது சகஜம், அது குறையே அல்ல. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு வெண்கலத்துக்கு ஒரு மெழுகு, அந்த மெழுகு திரும்பி வராது என்பதுதான். 3/9 என்பது மூன்றாவது மெழுகின் வாழ்க்கை. 2/9-ஐப் பார்த்து எடுத்த நகல் அல்ல அது.

ஒரே ஒரு மெழுகோடு நிறுத்திக்கொள்ளும் மரபும் நம்மிடம் இருக்கிறது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து கையாலேயே உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, கனவார்ப்பாக, அதாவது உள்ளே வெற்றிடமில்லாமல் கெட்டியாக, வார்க்கிறார்கள். மண்ணை உடைத்தால் அச்சு போயிற்று, அதே சிலை இன்னொரு முறை வராது. வங்கச் சிற்பி சோம்நாத் ஹோர் மெழுகுத் தகடுகளை வெட்டி, கிழித்து, சூட்டுக்கோலால் ஒட்டி நேரடியாகவே உருவம் சேர்த்தார். அவருடைய வெண்கலங்களில் தெரியும் பிளவும் கிழிசலும் மெழுகில் விழுந்த வெட்டுகள்தான். இன்னொரு வங்கச் சிற்பி மீரா முகர்ஜி, சத்தீஸ்கரின் பஸ்தர் பழங்குடி வார்ப்பாளர்களிடம் கற்ற முறையில், கருமண்ணின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் ஜானகிராமும் நந்தகோபாலும் வார்ப்புப் பக்கமே அதிகம் போகாமல், செம்பு, பித்தளைத் தகடுகளை அடித்தும் வெல்டிங் செய்தும் உருவாக்கினார்கள். அப்படிச் செய்தவற்றில் பிரதி எண் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு ‘ஒன்றே ஒன்று’ என்பதுதான் முக்கியம் என்றால் இந்த வழியில் வேலை செய்யும் இன்றைய சிற்பிகளைத் தேடுங்கள். ரப்பர் அச்சில் எடுத்த ஒன்பது பிரதிக்குள் அதைத் தேடாதீர்கள்.

இனி அந்த எண். பின்னத்தின் கீழே இருப்பது சிற்பி கொடுத்த வாக்கு: இந்த அளவில், இந்த உலோகத்தில் ஒன்பதுக்கு மேல் வார்க்க மாட்டேன். மேலே இருப்பது வரிசை. மூன்றாவது என்பதால் முதலாவதைவிடத் தரம் குறைந்தது என்று பொருள் இல்லை. உலோக அச்சில் எடுக்கும் பொறிப்போவியத்தில் அழுத்த அழுத்தத் தகடு தேயும். ரப்பர் அச்சு ஒன்பது மெழுகுக்கெல்லாம் தேயாது, ஆனால் பத்துப் பதினைந்து வருடம் கிடங்கில் கிடந்தால் இறுகிக் கிழியும். இது ஏன் முக்கியம் என்றால், ஒன்பதையும் ஒரே மூச்சில் வார்ப்பது அரிது. வார்ப்புச் செலவு அதிகம் என்பதால் ஒன்றிரண்டை வார்த்துக் கண்காட்சியில் வைத்து, விற்க விற்க அடுத்ததை வார்ப்பதுதான் பரவலான வழக்கம். ஆகவே 4 முதல் 9 வரை இன்னும் பிறக்காமலே இருக்கலாம். 2023 என்பது களிமண் செய்த ஆண்டா, உங்கள் பிரதியை வார்த்த ஆண்டா என்று கேளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் தவறில்லை, சான்றிதழில் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரதிகள் குறையக் குறைய விலை ஏறும் வழக்கமும் உண்டு. 7/9 வாங்குபவர் 1/9 வாங்கியவரைவிட அதிகம் கொடுப்பது சாதாரணம்.

ஒன்பது என்றால் மொத்தம் ஒன்பதுதான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஏ.பி. என்று பொறித்த கலைஞர் பிரதிகள் இந்தக் கணக்கில் சேராது. அவை ஒன்றா, இரண்டா, நான்கா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிரான்சில் இதற்கு வரையறை உண்டு: 1/8 முதல் 8/8 வரை எட்டு, அதன்பின் ரோமன் எண்ணில் நான்கு கலைஞர் பிரதிகள், ஆக மொத்தம் 12. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச் சட்டம், கலைஞரோ அவருடைய வாரிசுகளோ மேற்பார்த்து எட்டுக்குள் நிறுத்திய வார்ப்புகளைத்தான் கலைப்படைப்பாக எடுத்துக்கொள்கிறது. இந்தியச் சட்டத்தில் இப்படி ஓர் எண் இல்லை. சுங்கப் பட்டியலில் ‘அசல் சிற்பங்கள்’ என்று 9703-ஆம் தலைப்பு இருக்கிறது. மொத்தமாக உற்பத்தியாகும் நகல்களும் வணிகத்துக்கான கைவினைப் பொருள்களும், கலைஞரே வடிவமைத்திருந்தாலும், அதில் சேராது என்கிறது அதன் குறிப்பு. எத்தனைக்கு மேல் போனால் மொத்த உற்பத்தி என்று அது சொல்லவில்லை. அதனால் 9 நம் ஊரில் செல்லும் எண்தான். பின்னாளில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் எட்டைத் தாண்டிய அந்த ஒன்று சிக்கல் தரும். இதுவரை சொன்ன சட்ட விவரம் உறுதியானது. ‘எத்தனை வரை அசல்’ என்பதோ மரபையும் நம்பிக்கையையும் சேர்ந்தது, அதில் நேர்மையானவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. என் கணக்கில் சிறிய, நடுத்தர உருவங்களுக்கு எட்டு ஒன்பது நியாயமான உச்சம். 25, 50 என்று போனால் அது அழகான பரிசுப் பொருளாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சிற்பத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

எண்ணைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை: அச்சு எங்கே? ஒன்பது முடிந்ததும் அச்சை அழிப்பார்களா, சிற்பி வைத்துக்கொள்வாரா, பட்டறையிலேயே கிடக்குமா? அச்சு இருக்கும்வரை பத்தாவது மெழுகு எடுக்க அரை நாள் போதும். அதே உருவத்தை 30 செ.மீ.க்குச் சுருக்கியோ 2 மீட்டருக்குப் பெருக்கியோ தனி வரிசையாக வெளியிடுவதும் நடக்கிறது. முப்பரிமாண ஸ்கேன் வந்தபிறகு அது இன்னும் எளிது. சிற்பி அப்படிச் செய்வதில் தவறில்லை, வாங்குபவரிடம் முன்பே சொல்லியிருந்தால். நீங்கள் பார்த்த ஃபைபர் உருவம் இதற்கு நல்ல உதாரணம். அது இந்த ஒன்பதுக்குள் அடங்கியதா, தனி வரிசையா, தனி என்றால் எத்தனை? இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் 3/9 என்ற எண்ணுக்குப் பாதி மதிப்புதான். சிற்பி இறந்தபின் வார்க்காமல் மிஞ்சிய எண்களை வாரிசுகள் வார்க்கலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம். அப்படி வார்ப்பது உலகெங்கும் உண்டு, பிரெஞ்சுச் சிற்பி ரோதென் தன் உரிமைகளைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்ததால் அவர் பெயரிலான அருங்காட்சியகமே வார்க்கிறது. ஆனால் மெழுகைச் சிற்பி தொட்ட வார்ப்பும் அவருக்குப் பின் வந்த வார்ப்பும் ஒரே விலைக்குரியவை அல்ல.

திருட்டு வார்ப்பு எப்படிப் பிடிபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். யாராவது முடிந்த வெண்கலத்தின் மேலேயே ரப்பர் அச்சு எடுத்து இன்னொன்று வார்த்தால் அது நிச்சயம் சின்னதாக வரும். வெண்கலம் இறுகும்போது ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு சுருங்கும், மெழுகும் தன் பங்குக்கு ஒரு விழுக்காடு அளவில் சுருங்கும். 60 செ.மீ. உருவத்தில் இது ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகும். சாதாரண அளவுகோலிலேயே தெரிந்துவிடும் வித்தியாசம். அதனால் ஒரே வரிசைப் பிரதிகள் சில மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். சான்றிதழில் பீடத்தைச் சேர்க்காமல் உயரம், அகலம், ஆழம் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். முகத்தில் இமை விளிம்பு, காது மடல், விரல் நகம் போன்ற இடங்களில் கூர்மை குறைந்திருப்பதும் ஓர் அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, அச்சு பழசானாலும் மழுங்கும்.

இனி வெண்கலமா என்ற கேள்வி. கேலரியில் அனுமதி கேட்டுவிட்டுத் தொடுங்கள், வேர்வையின் உப்பு மேற்பூச்சைக் கெடுக்கும். முதலில் எடை. 60 செ.மீ. உட்கார்ந்த உருவத்தின் மேற்பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர் இருக்கும். 5 மி.மீ. கனம் என்றால் 2,500 கன செ.மீ. உலோகம். வெண்கலம் ஒரு கன செ.மீ.க்கு 8.7 கிராம் அளவில் இருக்கும், ஆக 22 கிலோவை ஒட்டி வர வேண்டும். அதே உருவம் ஃபைபரில் 3 கிலோ, உள்ளே கம்பி வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதல். எடைக்காக உள்ளே சிமென்ட்டோ பிளாஸ்டரோ நிரப்பி ஏமாற்றுவதும் உண்டு, அதனால் எடையோடு நிறுத்தாதீர்கள். விரல் மடக்கி மெல்லத் தட்டினால் வெண்கலம் கணீரென்று ஒலித்து அடங்கும், ஃபைபர் பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமாகச் சத்தம் போடும். குளிரூட்டிய அறையில் உள்ளங்கையை வைத்தால் உலோகம் சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பு உடனே போகாது. காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பேசுவது அடிப்பக்கம். இரண்டு பேர் பிடித்துச் சாய்த்துக் காட்டச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நல்ல வார்ப்பில் சுவர் கனம் ஓரளவு ஒரே சீராக இருக்கும், மெழுகு வழிந்த தடம் அப்படியே உலோகமாகியிருக்கும், வெல்டிங் கோடு மணி மணியாகத் தெரியும், கருமண் ஆணியின் துளைகளை அதே உலோகத்தால் அடைத்திருப்பார்கள். விளிம்பில் பூச்சில்லாத இடத்தில் சிவப்புச் சாயலுள்ள பொன்னிறம் தெரிய வேண்டும். வெளிறிய எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் அது பித்தளைப் பக்கம் சாய்ந்த கலவை. பழைய பித்தளையை உருக்கி வார்த்துவிட்டு வெண்கலம் என்று எழுதுவது நம் பட்டறைகளில் அபூர்வம் இல்லை. சிற்பத்துக்கு நிறையப் பேர் பயன்படுத்துவது செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5 என்ற கலவை. சந்தேகம் இருந்தால், நகைக் கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியின் கையடக்க வகை இதைச் சில நொடியில் சொல்லிவிடும். அது மேற்பரப்பை மட்டும் படிப்பதால் பூச்சில்லாத விளிம்பில்தான் காட்ட வேண்டும். உள்ளே கண்ணாடி நார் இழை தெரிந்தாலோ, பிசின் வாடை வந்தாலோ அது ஃபைபர். அட்டையில் ‘கோல்டு காஸ்ட் பிரான்ஸ்’, ‘பிரான்ஸ் ஃபினிஷ்’ போன்ற சொற்கள் இருந்தால், பிசினில் வெண்கலத் தூள் கலந்தது அல்லது வெண்கல நிறம் பூசியது என்று பொருள். அதை வெண்கலம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பொய்.

வார்ப்பில் வரும் குறைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. உலோகம் முழுதும் பாயும் முன்பே இறுகினால் விரல் நுனி, சேலை விளிம்பு போன்ற மெல்லிய இடங்கள் நிரம்பாது. கவசத்தில் ஈரம் மிஞ்சினால் ஊசித் துளைகள் விழும். கருமண் நகர்ந்தால் ஒரு பக்கம் காகிதம்போல் மெலியும், மறுபக்கம் தடிக்கும். எந்தப் பட்டறையிலும் இவை வரும். அதே கலவைக் கம்பியால் வெல்டிங் செய்து சீவியிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. எபாக்சி பட்டி அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால்தான் பிரச்சினை, சில வருடத்தில் அந்த இடம் தனியாக நிறம் மாறி எழும்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பட்டி வைத்த இடம் உலோகம்போல் மின்னாமல் மங்கித் தெரியும். மேற்பூச்சும் இரண்டு வகை. கேஸ் டார்ச்சால் சூடேற்றி ஃபெரிக் நைட்ரேட், குப்ரிக் நைட்ரேட், பொட்டாசியம் சல்பைட் போன்ற கரைசல்களைப் பூசி எடுக்கும் பட்டினா உலோகத்தோடு சேர்ந்தே விளைந்தது, அதன் அடியில் உலோகம் ஒளிர்வது தெரியும். பெயின்ட்டில் அந்த ஆழம் இருக்காது. ஆனால் பெயின்ட் அடித்ததெல்லாம் மறைப்பு வேலை என்று முடிவுகட்டாதீர்கள். கராச்சியில் பிறந்த ஹூமா பாபா 2018-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் வைத்த உருவங்கள் தக்கை, தெர்மோகோல், களிமண் போன்றவற்றில் செய்து வெண்கலத்தில் வார்த்து வண்ணம் பூசியவை. சிற்பி பாரதி கேர் 2022-இல் அதே நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் முனையில் நிறுத்திய ‘மூதாதை’யும் வண்ணம் பூசிய வெண்கலம்தான். அங்கே வண்ணம் சிற்பியின் தேர்வு. அட்டையில் ‘வண்ணம் பூசிய வெண்கலம்’ என்று இருந்தால் சரி.

ஃபைபர் என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ரவீந்தர் ரெட்டியின் பெரிய பெண் தலைகள் பெரும்பாலும் ஃபைபர்தான், அந்தப் பொன் மினுக்கும் அடர்ந்த வண்ணமும் அந்தப் பொருளுக்கென்றே யோசித்தவை. நீங்கள் பார்த்ததில் கேட்க வேண்டியது, அது ஃபைபருக்காகவே யோசித்ததா, வெண்கலம் வாங்க முடியாதவர்களுக்காக அதே அச்சில் எடுத்ததா என்பது. முதலாவது என்றால் சிற்பி தன் கையால் வண்ணமிட்டிருப்பார், பிரதிக்குப் பிரதி மாறும். ஆயுளைப் பொறுத்தவரை, பாலியெஸ்டர் பிசின் வெயிலில் மஞ்சளாகி மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழும். நேர் வெயில் படாத அறையில் பல பத்தாண்டு நிற்கும். மொட்டைமாடிக்கும் தோட்டத்துக்கும் அது ஏற்றதல்ல.

காகிதங்களுக்கு வருவோம். சான்றிதழில் தலைப்பு, களிமண் ஆண்டு, வார்ப்பு ஆண்டு, உலோகக் கலவை, அளவு, எடை, பிரதி எண், கலைஞர் பிரதிகளின் எண்ணிக்கை, வார்த்த பட்டறை, அச்சின் நிலை, பிற அளவிலோ பொருளிலோ உள்ள வரிசைகள், நான்கு பக்கப் புகைப்படம், சிற்பியின் கையெழுத்து இத்தனையும் இருக்க வேண்டும். கேலரி முதலாளியின் கையெழுத்து மட்டும் போதாது. சிற்பத்தின் மேலே கையொப்பமும் எண்ணும் மெழுகிலேயே கீறப்பட்டிருந்தால் கோட்டின் ஓரம் உருண்டு மென்மையாக இருக்கும். பின்னால் உலோகத்தில் வெட்டியிருந்தால் ஓரம் கூர்மையாக, உள்ளே பளிச்சென்று தெரியும். எண்ணைப் பின்னால் வெட்டுவது வழக்கம்தான், கையொப்பம் மெழுகில் இருப்பது நல்ல அறிகுறி. ரசீதில் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் சரிபாருங்கள்.

சிற்பத்தை வாங்கினால் பதிப்புரிமை உங்களுக்கு வராது. நீங்கள் அதில் அச்சு எடுக்கவோ சிறு உருவமாக விற்கவோ முடியாது, சிற்பியின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு அந்த உரிமை தொடரும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, சிற்பத்தின் ‘அசல் பிரதி’ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் சிற்பிக்கோ வாரிசுக்கோ 10 விழுக்காடு வரை பங்கு கேட்க உரிமை உண்டு. நடைமுறையில் இதை அரிதாகத்தான் கேட்கிறார்கள் என்றாலும் சட்டத்தில் இருக்கிறது. எண்ணிட்ட ஒவ்வொரு வார்ப்பும் ‘அசல் பிரதி’யா என்று சட்டம் விளக்கிச் சொல்லவில்லை, அதனால் விற்கும் காலத்தில் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பொருளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் இல்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுச் சிதைத்ததற்காக, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய துண்டுகளை அவரிடமே ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. சொந்தக்காரர் மத்திய அரசாக இருந்தும் அந்தத் தீர்ப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் தவறுதான் அதிகச் சிற்பங்களைக் கெடுக்கிறது. குத்துவிளக்குக்குப் போடும் புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் கிடைக்கும் பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது, ஒரே தடவையில் பட்டினா போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை நிறமில்லாத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் தேய்த்தால் போதும். கடற்கரைக் காற்றில் குளோரைடு அதிகம். வெளிறிய பச்சைத் தூள் சின்னச் சின்னப் புள்ளியாக உதிர்ந்தால் அது பட்டினா அல்ல, வெண்கல நோய். ஈரப்பதம் 45 விழுக்காட்டைத் தாண்டினாலே அது வளரும், சென்னையில் அது தாண்டாத நாள் குறைவு. தூளை நீங்களே சுரண்டாமல் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடியில் பழுப்புக் கறை வடிந்தால் உள்ளே இரும்பு ஆணியோ கருமண்ணோ எடுக்காமல் விடப்பட்டிருக்கிறது. அது பட்டறையின் குறை, கேலரி மூலம் சரிசெய்து வாங்கலாம். வாங்கும்போதே உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தை வைத்துக்கொண்டு இது வெண்கலம்தான், சிற்பி மெழுகைத் தொட்டார்தான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நேரில் போய் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் 1/9-இன் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி உங்கள் பிரதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமுடிக் கீறல், கண் இமை, கால் விரல் இடுக்கு இந்த மூன்று இடத்தில் சின்ன வேறுபாடு தெரிந்து, இரண்டிலும் கூர்மை குறையாமல் இருந்தால் மெழுகில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். அது சிற்பிதானா என்று அவரையே கேளுங்கள். புதிய கண்காட்சி என்பதால் அவர் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார், இப்படிக் கேட்பதை நல்ல சிற்பிகள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் திருப்தியாக இருந்து, அச்சு பற்றியும் எழுதித் தந்தால் வெண்கலத்தை வாங்கலாம். இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால், ஐந்து மடங்கு கொடுத்து அதை வாங்குவதைவிட, சிற்பி தன் கையால் வண்ணமிட்டதாக இருந்தால் அந்த ஃபைபர் உருவத்தை அதற்குரிய விலைக்கு வாங்குங்கள்.